ஒரு நூல் குறைத்த தண்டு

மகளின் காது சிவந்து புடைத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது பதற்றம் இல்லை, கோபம். எதற்கும் அவருக்கு முந்திக்கொண்டு வருவது அதுதான். பால் பொங்கி வழிந்தால் பால்காரன் மேல் கோபம். கூரை ஒழுகினால் மழை மேல் கோபம். தன் காலே கட்டிலில் இடித்துக்கொண்டால் கட்டில் செய்த தச்சன் குடும்பத்தோடு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

"யாரு பண்ணின வேலை இது?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீடு அதிரக் கேட்டார்.

மகள் முடியை இழுத்துக் காதை மறைத்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் மறைத்து வைத்திருந்தாள். தலை வாரும்போது அம்மா கண்ணில் பட்டு, அம்மா போட்ட சத்தத்தில்தான் வெளியே வந்தது.

"காதைக் குத்தினது குத்துக்கடைக்காரி. தோட்டுத் தண்டை வெட்டிக் குறைச்சது யாருன்னு கண்ணாடியைப் பாத்துக் கேளுங்க" என்றாள் மனைவி, சீப்பைக் கீழே வைக்காமல்.

"என் வேலையில குத்தம் சொல்றியா?"

"வேலையில குத்தமே இல்லைங்க. ரொம்பச் சுத்தமான வேலை. காதுதான் கோணல்."

அவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை. அங்கே அவர் பெயர் அரைநூல். நூல் என்றால் துணி தைக்கிற நூல் இல்லை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. அதில் பாதி கூடினாலும் குறைந்தாலும் கடைந்த சாமானைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டு, கடைந்தவனின் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுப்பார். ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு இரும்புக்கு நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது என்பது அவர் வேதம். "ஆடுற நட்டும் சிரிக்கிற கடைக்காரனும் ஒண்ணுதான்டா. ரெண்டும் நடு ரோட்டுல கைவிட்டுடும்" என்பார். பட்டறையில் எவனும் எதிர்த்துப் பேசமாட்டான். பேச முடியாது. அவர் கை பட்ட சாமான் ஆடி யாரும் பார்த்ததில்லை.

மகள் சலவைக்கூடத்தில் இருந்தாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்து, எதிர்ப்பக்கம் இழுத்து, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்கிற வேலை. கோடை என்றும் மழை என்றும் கிடையாது, உள்ளே எப்போதும் வெந்நீர்ப் பானைக்குள் நிற்கிற மாதிரிதான். அங்கே இருக்கிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய், காதின் மேல்விளிம்பில், குருத்தெலும்பு இருக்கிற இடத்தில் குத்திக்கொண்டு வந்தார்கள். இவளும் குத்திக்கொண்டாள்.

"கீழ ஒரு ஓட்டை இருக்குல்ல, மேல எதுக்கு இன்னொண்ணு? மழைத்தண்ணி வடியவா?" என்று அன்றைக்குக் கேட்டார். அதோடு விட்டிருப்பார். ஆனால் காதுக்குப் பின்னால் தண்டு துருத்திக்கொண்டு நின்றது அவர் கண்ணை உறுத்தியது. முன்னால் பொட்டு மாதிரி சின்ன மணி, பின்னால் திருகாணி, நடுவில் எஃகுத் தண்டு. காதோ மெல்லிசு, தண்டோ நீளம். தொட்டால் முன்னும் பின்னும் ஓடியது.

"என்ன பிட்டிங் இது? குழந்தை கையில கிலுகிலுப்பை மாதிரி."

"இப்போதைக்கு இப்படித்தான் இருக்கணுமாம்ப்பா. வீக்கம் வந்து வத்தினதும் வரச் சொல்லியிருக்காங்க, குட்டைத் தண்டு மாத்தி விடுவாங்க."

"ஓகோ. நெட்டையா ஒண்ணு வித்துட்டு, அப்புறம் குட்டையா ஒண்ணு விப்பாளாக்கும். ஒரு ஓட்டைக்கு ரெண்டு வியாபாரம். நீயும் மண்டையை ஆட்டிட்டு வந்தியா?"

அத்தோடு ஒருநாள் விரிப்பை இழுக்கும்போது அதன் ஓரத்து இழை திருகாணியில் மாட்டிக் காதையே சுண்டி இழுத்துவிட்டது. அழுதுகொண்டே வந்தாள். போதாதா அவருக்கு? மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, காதை வெர்னியர் அளவுகோலின் தாடையில் வைத்து, தகட்டுக்குப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து அளவெடுத்தார். சதை அமுங்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷமாக அவர் அளந்த எதுவும் அமுங்கியதில்லை. தோட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய், தண்டில் சரியாக ஒரு நூல் வெட்டி, முனையில் திருகாணி ஏறப் புதிதாக மரை போட்டு, உப்புத்தாளில் பிசிறு தட்டி, கண்ணாடியாக மெருகேற்றிக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டும்போது மகள் பல்லைக் கடித்தாள். மாட்டிய பிறகு மணி காதில் முளைத்தது போல் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் தடவினால் கை இடறவில்லை. அவளுக்கே பிடித்துத்தான் இருந்தது. திரும்பித் திரும்பிக் கண்ணாடி பார்த்தாள். அவரும் பார்த்தார். பட்டறையில் யாரும் பாராட்டாத வேலையை வீட்டில் ஒருத்தி பாராட்டினால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

இப்போது அந்த மணி பாதி உள்ளே போயிருந்தது. பின்பக்கம் திருகாணியைக் காணோம். வீங்கிய தோல் அதை மூடிக்கொண்டுவிட்டது. நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி.

"மட்டமான உலோகம். சதைக்கு ஒத்துக்கல. அவளை இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன். கிளம்பு" என்று சட்டையை மாட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"அவளைக் கேக்காம ஆஸ்பத்திரியா? செஞ்சவ கடையில காலாட்டிட்டு இருப்பா, நாம வரிசையில நிக்கணுமா?"

மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூட வந்தாள். "நீங்க மட்டும் போனா அங்க சண்டைதான் நடக்கும், வேற ஒண்ணும் நடக்காது" என்றாள்.

காற்றே இல்லை. மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டி, வானம் அழுக்குப் போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மகள் காதைக் கையால் மூடியபடி நடந்தாள். எதிரே வருகிறவர்களின் தோள் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒதுங்கினாள். அவர் ஒதுங்கவில்லை. எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனார்.

குத்துக்கடை சந்தைச் சந்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, கதவை நிமிர்த்தி வைத்த அகலத்தில் இருந்தது. வாசலில் ஒரு பலகை. பலகை மேல் அறை அறையாகத் தடுத்த தட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு நீளம், ஒரு பருமன். மூக்குக்கு ஊசி மாதிரி மெல்லிய தண்டு, காது மடலுக்குக் கொஞ்சம் பருத்தது, குருத்துக்கு அதைவிட நீளமானது. அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். கையுறையோடு ஒருத்தன் புருவத்தைத் துடைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ குத்தற கடை வச்சிருக்கியா, கசாப்புக் கடை வச்சிருக்கியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னால் நின்ற காதைப் பார்த்தாள். எழுந்து வந்து மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஐயோ கண்ணு. எத்தனை நாளா இப்படி? ஏன் உடனே வரல?"

"என்கிட்ட பேசு. என்ன கருமத்துல செஞ்ச தண்டு அது?"

"சும்மா இருங்க பெரியவரே. இந்தத் தண்டு குட்டையா இருக்கு. நான் குட்டை போட்டு விடலையே. யார் மாத்தினது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரி மூச்சு விட்டாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றார் அவர். "மாத்தலை, சரி பண்ணினேன். உனக்கு அளவு தெரியல. காது பருமனுக்கு ஏத்த தண்டு போடத் தெரியாம இவ்வளவு நீளத்துக்குக் கம்பியைச் சொருகி அனுப்பியிருக்க. நான் லேத்துல முப்பது வருஷம். எனக்கு அளவு சொல்றியா?"

"லேத்துலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. "ஏங்க, இரும்பு வீங்குமா? சதை வீங்கும்ங்க. குத்தின சதை வீங்கியே தீரும். அது வீங்கறதுக்கு இடம் விட்டுத்தான் நெட்டைத் தண்டு போடறது. புள்ளத்தாச்சிக்கு யாராவது இடுப்பளவுக்குப் புடிச்ச மாதிரி பாவாடை தைப்பாங்களா?"

செருப்புக் கடைக்காரன் சிரித்தான். செல்போன் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காதுமடல் சூடானது.

"உக்காரு கண்ணு. திருகாணி மூடிக்கிச்சு. ஆனா விளிம்பு கைக்குத் தட்டுப்படுது. கழட்டிடலாமான்னு பாக்கறேன். கழண்டுட்டா இப்பவே நெட்டைத் தண்டு போட்டு விட்டுடுவேன், சீழ் வடிஞ்சிடும். வலிக்கும். அம்மா கையைப் புடிச்சுக்கோ."

அவள் சின்னக் குறடு ஒன்றை மருந்தில் முக்கி எடுத்து, தோலை விலக்கித் திருகாணியின் விளிம்பைப் பற்றித் திருப்பினாள். மகள் வீரிட்டாள். திருகாணி அசையவில்லை. மறுபடி பற்றித் திருப்பினாள். தண்டோடு சேர்ந்து சதையே முறுக்கிக்கொண்டது. மகளின் கால் பலகையை உதைத்தது.

"ஏன் சுத்த மாட்டேங்குது? என் திருகாணி விரலால கழட்டற மாதிரி இருக்குமே."

ஏன் சுற்றவில்லை என்று அந்தச் சந்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பட்டறையில் நட்டு கழலாமல் இருக்க மரையில் ஒரு பசை விடுவார்கள். ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் போதும், அதிர்கிற இயந்திரத்தில் வருஷக் கணக்கில் கழலாது. சலவைக்கூடத்து விரிப்பு இழுத்தாலும் கழலக் கூடாது என்று மரையில் அவர் அந்தச் சொட்டை விட்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பட்டறையில் இதையெல்லாம் யார் யாரிடம் சொல்வார்கள்?

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. செருப்புக் கடைக்காரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் மூன்றாம் தடவை திருப்பினாள், மகள் "அம்மா" என்று அலறினாள், அவர் கத்த ஆரம்பித்தார்.

"விடுடி என் பொண்ணை! கொல்றியா? கழட்டத் தெரியாதவ எதுக்குடி கடை விரிச்ச? ஊர்ல இருக்கற புள்ளைங்க காதையெல்லாம் அழுக வச்சு வயிறு வளக்கறியா?"

பலகையில் ஓங்கி ஒரு அடி. தட்டு எகிறிக் கவிழ்ந்தது. அறை அறையாகப் பிரித்திருந்த அத்தனையும், நெட்டை குட்டை பருமன் மெல்லிசு எல்லாம், தெருவில் சிதறி உருண்டு சாக்கடை வரை போயின. கூட்டம் கூடியது. குத்துக்கடைக்காரி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. குறட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் மட்டும் பேசினாள்.

"அம்மா, இனி நான் தொட மாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே. இது மடல் இல்ல, குருத்து. சீழ் குருத்துல இறங்கிச்சுன்னா காது சுருங்கிப் போயிடும். அப்புறம் எந்த டாக்டராலயும் நிமிர்த்த முடியாது."

ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. ஆட்டோக்காரன் சுற்றி ஓட்டுகிறான் என்றார். கடையில் கூடிய கூட்டத்தில் ஒருத்தனுக்காவது கேட்க நாதியிருந்ததா என்றார். மகள் அம்மா மடியில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். "போதும்ப்பா" என்று ஒருமுறை சொன்னாள். அதற்கும் அவர், "நான் கேக்கலைன்னா உனக்காக யாரு கேப்பா?" என்றார்.

அவசரப் பிரிவில் டாக்டர் சின்னப் பெண். மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். படிக்கட்டில் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளலாம். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. "பெரிய டாக்டர் இல்லையா?" என்று கேட்டார். அவள், "பெரிய வியாதி இருந்தா வருவாரு" என்று சொல்லிவிட்டுக் கையுறை போட்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். வீங்கிய இடத்தில் ஊசி இறங்கியதே பெரிய வேதனை. பின்பக்கத் தோலில் சின்னதாக ஒரு கீறல். ரத்தமும் சீழும் சேர்ந்து வந்தன. நர்ஸ் துடைத்தாள். உள்ளேயிருந்து திருகாணி வெளிச்சத்தில் மினுக்கியது. அவ்வளவு அழுக்கிலும் மெருகு குலையவில்லை. வாசல் திரையோரம் நின்ற அவர் கண்ணில் அது பட்டது.

"திருகாணிதான். கழட்டிடலாம்" என்று டாக்டர் இடுக்கியை எடுத்தாள். "ஒரே முறுக்கு. பல்லைக் கடிச்சுக்கோம்மா."

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அழுது கண் வறண்டிருந்தது. இடுக்கி பிடித்துவிட்டது.

"திருகாதீங்க!"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற குரல். நர்ஸ் கையிலிருந்த கிண்ணம் தவறியது.

"யாருங்க அது? வெளிய போங்க."

"திருகாதீங்கன்னா திருகாதீங்க! கழலாது. அதுல பசை விட்டிருக்கு. இயந்திரத்துப் பசை. சுத்தினா தண்டோட சதைதான் பிஞ்சு வரும். நடுவுல வெட்டித்தான் எடுக்கணும்."

"பசையா? யாரு விட்டது?"

"யாரா? நான்தான். போதுமா? நான்தான் விட்டேன்!" கோபமாகத்தான் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வராது.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். "எலும்புப் பிரிவுல கம்பி வெட்டற கட்டர் இருக்கும், வாங்கிட்டு வா" என்று நர்ஸை அனுப்பினாள்.

"கொண்டாங்க, நான் வெட்டறேன். எஃகு அது. உங்க கைக்கு அடங்காது" என்று அவர் கட்டிலை நெருங்கினார்.

"அப்பா என்னைத் தொட வேண்டாம்." மகள் டாக்டரிடம்தான் சொன்னாள், அவரிடம் இல்லை. "அவரைப் போகச் சொல்லுங்க."

திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எஃகு முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், எவ்வளவு பருமன் என்பதுகூடச் சத்தத்திலேயே தெரியும். மகள் கத்தவில்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். "குருத்து தப்பிச்சிருச்சு. மாத்திரை விடாம சாப்பிடணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காது முந்திரிப் பருப்பு மாதிரி சுருண்டிருக்கும்" என்றாள். மனைவியிடம்தான் சொன்னாள். அன்றைக்கு எல்லாரும் மனைவியிடம்தான் பேசினார்கள்.

கட்டுப் போட்ட தலையோடு வெளியே வந்த மகள் அவர் முன்னால் நின்றாள்.

"கடையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"என்ன?"

"அந்த அக்கா திருகினாங்க. மூணு தடவை திருகினாங்க. நான் கத்தினேன். பசை இருக்குன்னு அப்பவே தெரியுமா?"

"அங்க எப்படிச் சொல்றது? நாலு பேரு நின்னுக்கிட்டு..."

"நாலு பேரு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எனக்காகக் கேக்கறேன்னு சொன்னீங்களே, நாலு பேரு சிரிச்சதுக்குத்தானா அவ்வளவு கத்தல்?"

"மரியாதையாப் பேசு."

"அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

"உன்னைப் பெத்தவன்டி நான்."

மனைவி மகளின் தோளை அணைத்துக்கொண்டு நடந்தாள். "வாம்மா. பெத்தது நானு. இவரு பக்கத்து ரூம்ல சத்தம் போட்டுட்டு இருந்தாரு, அன்னிக்கும்."

மறுநாள் வீட்டில் சோறு வந்தது, தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. அவர் தொண்டையைச் செருமினால் மகள் எழுந்து உள்ளே போனாள். ரேடியோவை நிறுத்தினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தட்டை நகர்த்தினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பட்டறையில் யார் மேலாவது பாயலாம் என்று பார்த்தால், அன்றைக்கென்று எல்லாப் பயல்களும் அளவு தப்பாமல் கடைந்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் எண்ணெய்க் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சந்தைச் சந்துக்குப் போனார்.

முன்தினம் போக்குக் காட்டிய மழை மத்தியானம் கொட்டித் தீர்த்திருந்தது. குத்துக்கடைக்காரி பலகை முன்னால் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் குவிந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, அறை அறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதி அறை காலி.

"பசை விட்டது நான்" என்றார் நின்றபடியே. செருப்புக் கடைக்காரனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்? ஆஸ்பத்திரியிலேர்ந்து யாராவது வந்து சொன்னாங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? புள்ள கத்தும்போது பெத்தவன் புள்ள மூஞ்சியைப் பாப்பான். இல்ல, என் கையைப் பாப்பான். நீங்க தெருவைப் பாத்துட்டு நின்னீங்க. ஏதோ பண்ணி வச்சிருக்கீங்கன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. பசைன்னு தெரியாது."

"அப்புறம் ஏன் வாயை மூடிட்டு இருந்த? அங்கேயே கேட்டிருக்கலாமே? நானும் நாலு வார்த்தை..."

"உங்க பொண்ணு பக்கத்துல இருந்தாளே" என்று சொல்லிவிட்டு, ஒரு தண்டைக் குருத்து அறையில் போட்டாள். "காது எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஆறினதும் மறுபடி குத்திக்கணும்னா வரச் சொல்லுங்க. நெட்டைத் தண்டுதான் போடுவேன். நீங்க கூட வராதீங்க."

சுள்ளென்று ஏறியது அவருக்கு. என் பொண்ணு எங்கே போகணும் வரணும் என்று சொல்ல நீ யார் என்று கேட்க வாய் திறந்தார். யாரைத் திட்டுவது என்று பார்த்தார். அவள் குனிந்து அடுத்த தண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த சாமான்கள் நிறம் மங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாக்கடை ஓரத்துச் சேற்றில் ஏதோ மினுக்கியது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடை ஓரம் குந்தினார். கையைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவினார். ஒன்று வந்தது. துடைத்துப் பார்த்தார். கண்ணாலேயே அளவு தெரிந்தாலும் சொல்லவில்லை, பக்கத்துக் கல் மேல் வைத்தார். இன்னும் ஆழமாகக் கையை விட்டார்.

அந்த வழியாகப் போன ஒருத்தன் நின்றான். "என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"உன் வேலையைப் பாத்துட்டுப் போடா" என்றார்.